வசந்தி அக்கா கொடுத்த நிறம்

செய்தி வந்தபோது நான் திருப்பதியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், முதல் கோட் அடித்து முடித்த சுவரின் முன்னால் நின்றிருந்தேன். கரி நிறம். அந்த நிறத்தின் முதல் கோட் ஈரத் துணியால் துடைத்த கரும்பலகையைப் போலத் திட்டுத் திட்டாக இருக்கும். வீட்டுக்கார அம்மா பயந்துபோய் "ஏன்டம்மா இதி?", என்னம்மா இது, என்று தெலுங்கில் ஆரம்பித்திருந்தார். வசந்தி அக்கா எல்லோருக்கும் சொல்வதை நானும் அவருக்குச் சொன்னேன்: "மொத கோட்டப் பாத்து அழாதீங்க. காஞ்சப்புறம் பேசலாம்." அப்போதுதான் ஏணியின் மேலிருந்த முனிரத்தினம் மேஸ்திரியின் போன் அடித்தது. ரோலரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பேசினார். "எந்த வசந்தி?" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை.

இறங்கி வந்து, ரோலரைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம கடை வசந்திம்மா. காலையில. ரெண்டு நாளா நெஞ்ச அடைக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்களாம். கேஸு பிராப்ளம்னு நெனச்சிக்கினு சும்மா இருந்துட்டாங்க."

வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போனோம். வசந்தி அக்காவின் தெருமுனையில் அதற்குள் பேனர் கட்டியிருந்தார்கள். பெயிண்டர்கள் சேர்ந்து வைத்தது. பச்சைப் புடவையில் அவர் சிரிக்கும் படம், இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் பெரிய எழுத்தில் "எங்கள் கரி வசந்தி அக்கா". கூட வந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் அந்தப் பேனரின் கீழே நின்றுவிட்டேன்.

அவரை அறிந்தவர்களான உங்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அது எப்படி வந்தது என்ற கதையும் தெரியும். கதை தவறு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை, ஆனால் என்னை விட்டுவிட்டு இதைச் சொல்ல வழியில்லை.

நான் திருத்தணிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவள். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தரும் ஒரு சிறிய அலுவலகத்தில் அறைகளை வரைகிறேன். அலுவலகம் மாடியில், பெயிண்ட் கடை கீழே. கடையில் நிறம் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல் உண்டு. அதில் வசந்தி அக்கா இருப்பார். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருப்பதிக்கு வாழ்க்கைப்பட்டவர். வாடிக்கையாளரோடு தெலுங்கு, மெஷினோடு இங்கிலீஷ், எங்களோடு தமிழ். ஒரே மூச்சில் மூன்றும் வரும்.

முதல் வாரம் நான் போனில் ஒரு படத்தைக் காட்டி "இந்த சார்கோல் வேணும் அக்கா" என்றேன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்லாகீது. இதுல யாரு குடியிருக்காங்க?"

"படம்தான் அக்கா."

"அதான் கேக்கறேன். ஜன்னல் எந்தப் பக்கம்? யாரு படுப்பாங்க? எத்தினி மணிக்கு எழுந்துப்பாங்க?"

எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் வெளியே போய், இஸ்திரி வண்டிக்காரரிடமிருந்து இரண்டு கரித்துண்டுகள் வாங்கி வந்தார். ஒன்று தேங்காய் ஓட்டுக் கரி, மற்றொன்று கட்டைக் கரி. இரண்டையும் கல்லாப் பக்கத்து மேசைமேலேயே உடைத்து, வெள்ளைத்தாளில் தேய்த்து, வாசல் வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒன்றில் நீலம் இருந்தது. மற்றொன்றில் பழுப்பு. "கரின்னா ஒரே கரியா? உள்ள ஒண்ணு இருக்கும். நம்ம ஊரு வெயில்ல அது வெளிய வந்துடும். நீலம் இருக்கற கரிய மேற்குப் பக்கத்து ரூம்புக்குக் குடுத்தா சாயங்காலம் செத்த மூஞ்சி மாதிரி இருக்கும்." பின்னால் கடை முதலாளி கத்திக்கொண்டிருந்தார். மேசை முழுவதும் கரித்தூள்.

அவர் வீட்டில் அந்த நிறத்தில் ஒரு சுவர்கூடக் கிடையாது. வாடகை வீடு, வீட்டுக்காரர் விடவில்லை. அதனால் சமையலறை அலமாரியின் உட்புறத்தில் மட்டும் மீந்த பெயிண்டை அடித்து வைத்திருந்தார். திறந்தால் எவர்சில்வர் பாத்திரங்கள் நகைக்கடையில் வைத்ததுபோல இருக்கும். அவர் கணவர் என்னிடம் சொன்னார்: "பாத்தியாமா இந்தக் கூத்த? சோத்துப் பான அடியில இருக்கற கரிய தேச்சுத் தேச்சு எடுப்பா. எடுத்துட்டு அலமாரிக்குப் பூசுவா."

"இவருக்கு வெள்ளதான் புடிக்கும்" என்றார் வசந்தி அக்கா. "வெள்ளச் செவுரு எல்லாத்தையும் தள்ளி விடுது. இது உள்ள வாங்கிக்குது. நீ இன்னிக்கி வந்து பேசறது கூட."

இருண்ட நிறம் என்றாலே எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் முகம் சுளிப்பார்கள். வீடு மங்களமாக இருக்க வேண்டும் என்பார்கள். வசந்தி அக்கா அவர்களோடு வாதாட மாட்டார். பட்டி பார்த்து, பிரைமர் அடித்த சுவரின் முன்னால் அந்த வீட்டு மனிதர் ஒருவரை நிறுத்துவார். மஞ்சளும் குங்குமமும் கொடுத்து, சுவரின் நடுவில் பொட்டு வைக்கச் சொல்வார். அதன்மேல்தான் கரி நிறத்தின் முதல் கோட் விழும். "உள்ள மங்களம் கீது. மேல இன்னா கலர் இருந்தா இன்னா?" திருப்பதியிலும் சித்தூரிலும் எத்தனையோ கறுத்த சுவர்களுக்குள் அப்படி யாருடைய விரலோ வைத்த பொட்டு இருக்கிறது. அந்த அறைகளுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அது தெரியாமலிருப்பதில்லை.

அந்தப் பெயருக்குக் காரணமான சித்தூர் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீடு. மகனுக்குப் பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். மருமகள் மாமனாரோடு இருந்தார். பெரியவருக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. இருட்டைவிட வெளிச்சம்தான் அவரைத் துன்புறுத்தியது. "மத்தியானம் ஆனா செவுரு வந்து கண்ல குத்துதும்மா" என்று அவர் சொன்னதைக் கேட்டு, அந்த அறைக்குக் கரி நிறம் கொடுத்தது வசந்தி அக்கா. பழுப்பு உள்ளே இருக்கும் கரி. சரியான முடிவு. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

பொட்டு வைக்கப் பெரியவரே முன்வந்தார். குங்குமம் தொட்ட விரலை நீட்டினார். விரல் சுவருக்கு ஒரு முழம் இங்கேயே நின்று, காற்றில் பொட்டு வைத்தது. யாரும் சிரிக்கவில்லை. வசந்தி அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக முன்னால் கொண்டுபோய்ச் சுவரில் வைத்தார். "இங்க தாத்தா. இப்ப கெடச்சிச்சா?" "கெடச்சிச்சு, கெடச்சிச்சு" என்றார் அவர்.

வெளியே வந்ததும் வசந்தி அக்கா என்னிடம் சொன்னார்: "பாத்தல்ல? செவுரு எங்க கீதுன்னே தெரியல அவருக்கு. கதவையும் ஸ்விட்சு போர்டையும் வெள்ளையா வுட்டுரு. கைப்பிடி பெருசா போடு."

"சரி அக்கா" என்றேன்.

நான் வரைந்திருந்த கதவு வேறு. சுவரோடு சுவராக, அதே நிறத்தில், சட்டமே தெரியாத கதவு. கைப்பிடிக்குப் பதில் ஓரத்தில் விரல் நுழையும் ஒரு பள்ளம். ஸ்விட்சுகளும் அதே கரி. நான்கு பக்கமும் ஒரு கோடுகூட இல்லாத அறை. அலுவலகத்தில் எல்லோரும் அந்தப் படத்தைப் பாராட்டியிருந்தார்கள். அதுவரை நான் வரைந்தவற்றில் அதுதான் அழகானது. அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. வசந்தி அக்காவிடம் சரி என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியிடம் பழைய படத்தையே கொடுத்தேன். அவர் அதன்படி அடித்தார். வேலை முடிந்த அன்று நான் எடுத்த புகைப்படத்தில் கதவு எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மகன் போன் செய்து எல்லோரையும் வரச்சொன்னார். மாம்பழக் காலம். சித்தூர் சாலை நெடுக ஜூஸ் பேக்டரிக்குப் போகும் லாரிகள் நின்றிருந்தன. பஸ்ஸில் வசந்தி அக்கா "கதவ வெள்ளையா வுட்டல்ல?" என்று மட்டும் ஒரு முறை கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

முந்தின நாள் மத்தியானம் மருமகள் கடைக்குப் போயிருந்தபோது, காற்றில் அறைக்கதவு சாத்திக்கொண்டது. கரண்டும் இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்த பெரியவர் வெளியே போகக் கதவைத் தேடியிருக்கிறார். மருமகள் திரும்பி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "கதவ எங்கம்மா ஒளிச்சி வெச்சீங்க?"

அறைக்குள் போனோம். பளபளப்பில்லாத இருண்ட பெயிண்டில் கை பட்டால் பட்ட இடம் மினுங்கும். அழிக்க முடியாது. சுவரில் மார்பு உயரத்துக்கு ஒரு மினுங்கும் பட்டை ஓடியது. அவர் கை போன வழி. ஜன்னலின் கீழிருந்து தொடங்கி, மூலை திரும்பி, அடுத்த சுவர், அடுத்த மூலை. ஒரு சுற்றல்ல. ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ சுற்று. அந்தப் பட்டை கதவின் மேலும் ஓடியிருந்தது. கதவைத் தொட்டு, கதவு என்று தெரியாமல், கடந்து போயிருந்தது.

அந்த அறையில் அப்போது எட்டுப் பேர் இருந்தோம். பெரியவர், மகன், மருமகள், கடை முதலாளி, என் அலுவலக முதலாளி, முனிரத்தினம் மேஸ்திரி, வசந்தி அக்கா, நான். மகன் கேட்டார்: "எவுரு இச்சினாரு இந்த ஐடியா? யாரு குடுத்தது?"

நான் சுவரைப் பார்த்தேன். என் முதலாளி தரையைப் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"கலர் நான்தான் சார் குடுத்தேன்" என்றார் வசந்தி அக்கா.

அது பொய்யில்லை. அவர் கொடுத்தது நிறத்தை மட்டும்தான். ஆனால் கேட்டவர்களுக்கு அந்த விடை போதுமாக இருந்தது. மகன் அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுதப் போவதில்லை. அவர் பேசி முடிக்கும்வரை வசந்தி அக்கா கைகட்டி நின்றார். வாய் திறக்க எனக்குப் போதுமான நேரம் இருந்தது. திறக்கவில்லை.

மற்றவர்கள் கூடத்துக்குப் போனபின் வசந்தி அக்கா மேஸ்திரியிடம் பிரஷ் வாங்கி, கூடத்துக்கு அடித்ததில் மீந்திருந்த கிரீம் நிற பெயிண்டைக் கிளறி, அந்தக் கதவைத் தானே அடித்தார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, கதவு எங்க கீது?"

அவர் கை நீட்டிக் காட்டினார்.

"கரெக்ட்டு. இனிமே ஒளியாது."

"செவுர மாத்திடாதம்மா" என்றார் பெரியவர். "செவுரு நல்லாகீது."

மகன் கேட்கவில்லை. மறு வாரமே எல்லாச் சுவரையும் வெள்ளையாக்கச் சொன்னார். கரி நிறத்தின்மேல் வெள்ளை எளிதில் நிற்காது. மூன்று கோட் ஆனது. அடித்த முனிரத்தினம் மேஸ்திரி பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "சாயங்கால வெயிலு சாய்வா பட்டா அந்தக் கை இன்னும் தெரியுதும்மா. நான் பாத்தேன்." தெரிய வாய்ப்பில்லை என்று அவரிடம் சொன்னேன். ஆனால் எந்த வெள்ளைச் சுவரிலும் மார்பு உயரத்தில் என் கண் தானாகப் போய் நிற்கிறது.

அதன்பின் நடந்தது கடையில் எல்லோருக்கும் தெரியும். வீடுகளுக்குப் போய் நிறம் சொல்லும் வேலையை வசந்தி அக்காவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மெஷினில் நம்பரை அடித்துப் பட்டனை அமுக்குவது மட்டும் அவர் வேலை. "கெழவர கரி ரூம்புல பூட்டி வெச்ச வசந்தி" என்று பெயிண்டர்கள் சிரித்தார்கள். சுருங்கிச் சுருங்கி அது கரி வசந்தி ஆனது. சிலர் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு வருடம் கழித்து, கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அக்கா, அன்னைக்கி சித்தூர்ல..."

அவர் டப்பாவின் மூடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கி ரூம்புல எட்டுப் பேரு இருந்தோம். இப்ப நாம ரெண்டு பேரு. இங்க சொல்லி இன்னா ஆவப் போவுது?"

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவும் சொல்லவில்லை. டப்பாவை மெஷினில் வைத்துக் குலுக்கினார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியாது. என்னைக் காப்பாற்றத்தான் அன்று பழியை ஏற்றாரா, நான் பேசுவேன் என்று காத்திருந்து ஏமாந்தாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். இன்னொரு வருடம் இருந்தது. ஒரே கட்டிடத்தில் மேலும் கீழும் இருந்தோம். தினமும் படியிறங்கிப் போய் நம்பரைச் சொன்னேன். அவர் பட்டனை அமுக்கினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பேச்சு வழக்கம்போல அந்தக் கதைக்கு வந்தது. பெயிண்டர் ஒருவர் தொடங்கினார், நாலு பேர் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த வசந்தி அக்காவின் மகள் நின்றாள். பத்தாவது படிக்கிறாள். "போதும் மாமா. பேனர்ல கூட அதையே போட்டீங்க" என்றாள்.

நான் எழுந்து நின்று சொன்னேன். கதவு நான் வரைந்தது. வெள்ளையாக விடச் சொன்னார், நான் விடவில்லை. அன்று யாரென்று கேட்டபோது நான் அங்கேதான் நின்றிருந்தேன். மூன்று வாக்கியம்தான். என் முதலாளி இலையைப் பார்த்தார். கடை முதலாளி, "போனவங்க போயிட்டாங்க, இப்ப இன்னாத்துக்குமா அதெல்லாம்" என்றார். முனிரத்தினம் மேஸ்திரி மட்டும், "படம் எங்கிட்ட இருந்திச்சிம்மா. நானும்தான் பேசல" என்றார்.

மகள் என்னிடம் வந்தாள். "நீங்கதான்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ரெண்டு வருஷம் அந்தப் பட்டனையே அமுக்கிக்கினு இருந்தாங்களே?"

நான் மறுபடி இலை முன்னால் உட்கார்ந்தேன். அவள் வாளியிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்து என் இலையில் வைத்தாள். "துன்னுட்டுப் போங்க" என்றாள். அவள் குரலில் அவள் அம்மா இருந்தார். நான் சாப்பிட்டேன்.

எட்டுப் பேரில் இதைக் கேட்க மிச்சமிருந்தது சித்தூரில் மூன்று பேர். போன ஞாயிறு காலை போனேன். மகனும் இருந்தார். வாசலிலேயே சொன்னேன். "ரெண்டு வருஷம் கழிச்சி வந்து சொல்றீங்க" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லாமல் உள்ளே வழிவிட்டார்.

பெரியவர் அதே அறையில், அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பார்வை முழுவதும் போய்விட்டது. வசந்தி அக்கா இறந்ததைச் சொன்னேன். "என் கையப் புடிச்சி செவுத்துல வெச்சாளே, அந்தப் பொண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். வாசலில் நான் சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது.

"கதவ ஒளிச்சது நீயா?"

"நான்தான்."

"அவ இல்ல?"

"இல்ல."

தலையாட்டிக்கொண்டார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, "ஏமா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லியாம், கேட்டியா?" என்று சத்தமாகச் சொன்னார். மகனுக்கும் கேட்டிருக்கும். என் பக்கம் திரும்பினார். "இப்ப எனக்கு எல்லாச் செவுரும் அவ குடுத்த கலருதாம்மா. கண்ணு குத்தறதில்ல."

வசந்தி அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நிறங்களைப் பற்றி அவர் சொன்னது எல்லோரிடமும் இருக்கிறது. அலமாரியின் உட்புறம் அவர் மகளுடையது. பொட்டுகள் அந்தந்த வீட்டுச் சுவர்களுடையவை. என்னுடையது என்று இருப்பது அந்தப் பழி ஒன்றுதான், இத்தனை நாளும் அதை அவர் சுமந்தார். இனி 'கரி' என்ற சொல்லை அவர் பெயருக்கு முன்னால் போடாதீர்கள். அவர் வசந்தி. பெயிண்டர் அண்ணன்மார்களுக்கு யாரையாவது அப்படிக் கூப்பிட்டே ஆகவேண்டுமென்றால், நான் மாடியில்தான் இருக்கிறேன். படிக்கட்டில் நின்று கூப்பிடுங்கள். இறங்கி வருகிறேன்.